74 மைல் வேகமும் ‘உரிய கவனமும்’: சியாட்டில் ரோந்து வாகன மோதல் குறித்த நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரி 23 அன்று இரவு 8 மணியளவில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகரில், டெக்ஸ்டர் அவென்யூவும் தாமஸ் வீதியும் சந்திக்கும் இடத்தில், பாதசாரிகள் கடப்பதற்காகக் கோடு போடப்பட்டிருந்த பகுதியில் சாலையைக் கடந்துகொண்டிருந்த 23 வயது மாணவி ஒருவர்மீது நகரக் காவல்துறையின் ரோந்து வாகனம் மோதியது. மேற்படிப்புக்காக ஆந்திரப் பிரதேசத்திலிருந்து அங்கே சென்றிருந்தவர் அவர். மோதிய வேகத்தில் ஏறத்தாழ 138 அடி தூரத்துக்கு, அதாவது 42 மீட்டருக்கு, அவர் தூக்கி எறியப்பட்டார். வாகனத்தை ஓட்டிவந்த அதிகாரியே இறங்கிவந்து முதலுதவி அளிக்கத் தொடங்கினார். மாணவி ஹார்பர்வியூ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அன்றிரவே உயிரிழந்தார்.

அச்சாலையின் வேக வரம்பு மணிக்கு 25 மைல். விசாரணையில் கணக்கிடப்பட்டபடி, சந்திப்பை நெருங்கும்போது ரோந்து வாகனத்தின் வேகம் 74 மைல்; பிரேக் பிடித்த பிறகு மோதிய கணத்தில் 63 மைல். நமக்குப் பழகிய அளவில் சொன்னால், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டிய நகரச் சாலையில் 119 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வாகனம், 101 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மனித உடல்மீது மோதியது. வாகனத்தின் அவசர விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சைரன் தொடர்ந்து ஒலிக்கவில்லை. சந்திப்புகளை நெருங்கும்போது மட்டும் ஓரிரு முறை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்யப்பட்டிருந்தது.

இந்நிகழ்வு உலகின் கவனத்துக்கு வந்தது வாகனத்தின் வேகத்தால் அல்ல, ஒரு சிரிப்பால். சம்பவ இடத்துக்குப் பின்னர் வந்த மற்றோர் அதிகாரி, காவலர் சங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்தவர், சங்கத் தலைவரிடம் தொலைபேசியில் பேசும்போது அந்த மாணவியின் உயிருக்குப் பெரிய மதிப்பில்லை என்ற பொருளில் பேசிச் சிரித்ததும், 11,000 டாலருக்கு ஒரு காசோலை எழுதினால் போதும் என்றதும் அவர் அணிந்திருந்த கேமராவிலேயே பதிவாகியிருந்தன. அப்பதிவு 2023 செப்டம்பரில் வெளியானபோது எழுந்த கோபம் முற்றிலும் நியாயமானது. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகமும் அப்போது வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு மாணவியைக் கொல்லவில்லை. அவரைக் கொன்றது, ஓர் அவசர அழைப்புக்கு எந்த வேகத்தில் செல்வது என்று ஓட்டுநர் தனியாக, சில விநாடிகளில் எடுத்த முடிவும், அந்த முடிவை அவரிடமே முழுதாக விட்டுவைத்த ஏற்பாடும் ஆகும். இந்த ஆய்வு சிரிப்பை விட்டுவிட்டு வேகத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

சட்டம் கொடுத்ததும் கொடுக்காததும்

‘காவல் வாகனத்துக்கு வேக வரம்பு இல்லை’ என்பது பொதுமக்களிடம் மட்டுமல்ல, சீருடை அணிந்தவர்களிடமும் ஊறிப்போன நம்பிக்கை. வாஷிங்டன் மாநிலச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அவசர அழைப்புக்குச் செல்லும்போதோ சட்டத்தை மீறியவரைத் துரத்தும்போதோ, அங்கீகரிக்கப்பட்ட அவசர வாகனத்தின் ஓட்டுநர் சிவப்பு விளக்கைத் தாண்டலாம் என்கிறது. ஆனால் பாதுகாப்புக்குத் தேவையான அளவு வேகத்தைக் குறைத்த பிறகே தாண்டலாம். வேக வரம்பை மீறலாம் என்கிறது; ஆனால் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து விளைவிக்காத வரையில்தான். இந்தச் சலுகைகள் அனைத்துக்கும் மேலாக, எல்லோருடைய பாதுகாப்பிலும் ‘உரிய கவனம்’ செலுத்தி ஓட்ட வேண்டிய கடமையிலிருந்து ஓட்டுநருக்கு விடுதலை இல்லை என்றும், பிறர் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல் ஓட்டியதன் விளைவுகளிலிருந்து இச்சலுகை அவரைக் காப்பாற்றாது என்றும் அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. விளக்குகளை எரியவிடுவது இச்சலுகைக்கு நிபந்தனை. ஒலி எழுப்புவதோ, அவசரநிலையைப் பிறருக்கு உணர்த்தத் ‘தேவைப்படும்போது’ என்ற அளவில் மட்டுமே நிபந்தனை. தேவைப்படுகிறதா என்பதை யார் தீர்மானிப்பது? ஓட்டுநர்தான். ஆக, எவ்வளவு வேகம் என்பதும் அவர் கையில், எச்சரிக்கை ஒலி வேண்டுமா என்பதும் அவர் கையில். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றையும் கூட்ட வேண்டும் என்ற கட்டாயம் சட்ட வாசகத்தில் இல்லை. டெக்ஸ்டர் அவென்யூவில் வேகம் வரம்பைப்போல் மூன்று மடங்காக இருந்தபோது சைரன் துண்டு துண்டாக ஒலித்தது இந்த இடைவெளிக்குள்தான்.

சியாட்டில் காவல்துறையின் உள்விதிகள் சட்டத்தைவிட ஒரு படி மேலே சென்றிருந்தன. ஆபத்தைவிடத் தேவை மேலோங்கும்போது மட்டுமே அவசர ஓட்டம் என்றும், சம்பவ இடத்துக்குப் பாதுகாப்பாகச் சென்று சேர நியாயமாகத் தேவைப்படும் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்றும் அவை கூறின. படித்துப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத வாசகங்கள். ஆனாலும் இவற்றில் எண் எதுவும் இல்லை. ‘நியாயமாக’ என்ற சொல்லுக்கு 40 மைல் என்று ஒருவர் பொருள்கொள்ளலாம், 74 என்று இன்னொருவர் பொருள்கொள்ளலாம். தவறு எது என்பது விபத்துக்குப் பிறகே தெரியவரும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது, குற்றவாளிகளைத் துரத்திச் செல்வதற்கான விதிகளை. அதே மாநிலத்தில் 2021-இல் சட்டமன்றம், எத்தகைய குற்றத்துக்காக, எந்த அளவு ஆதாரம் இருந்தால், காவல் வாகனம் இன்னொரு வாகனத்தைத் துரத்தலாம் என்பதை இறுக்கமாக வரையறுத்தது. 2023-இல் அது தளர்த்தப்பட்டது, 2024-இல் மேலும் தளர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகள் அனல் பறக்க விவாதம் நடந்தது, அத்தனையும் துரத்தலைப் பற்றி. டெக்ஸ்டர் அவென்யூவில் யாரும் யாரையும் துரத்தவில்லை. உதவி கேட்டு வந்த ஓர் அழைப்புக்கு ஒரு வாகனம் சென்றுகொண்டிருந்தது. துரத்தலில் தப்பியோடுகிறவர் ஒருவர் இருப்பதால் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, மேலதிகாரி காவல்துறை வானொலித் தொடர்பில் கேட்டுக்கொண்டிருக்கிறார், நிறுத்தச் சொல்கிறார். அழைப்புக்குச் செல்லும் ஓட்டத்தில் அந்த இரண்டாவது காது இருப்பதில்லை. அன்றாடம் எண்ணிக்கையில் பன்மடங்கு அதிகமாக நடக்கும் ஓட்டம் எதுவோ அதுதான் கண்காணிப்புக் குறைந்ததாக இருக்கிறது.

வேகத்தின் கணக்கு

இந்த வழக்கின் அடித்தளம் பள்ளி இயற்பியல்தான் என்பதால் சற்று நின்று கணக்குப் போடுவது நல்லது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்றும், உலர்ந்த சாலையில் நல்ல டயர்கள் ஒவ்வொரு விநாடியிலும் வேகத்தை விநாடிக்கு 7 மீட்டர் அளவுக்குக் குறைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 மைல் வேகத்தில் வரும் வாகனம் ஏறத்தாழ 26 மீட்டரில் நின்றுவிடும். 50 மைலில் அதற்கு 69 மீட்டர் வேண்டும். 74 மைலில் 128 மீட்டர் வேண்டும். அந்த 128 மீட்டரில் முதல் 50 மீட்டர் பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே கடந்துபோய்விடுகிறது. வேகம் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடியிருக்கிறது. ஆனால் நிற்கத் தேவையான தூரம் ஐந்து மடங்காகவும், மோதும்போது உடல் தாங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒன்பது மடங்காகவும் ஆகிவிடுகிறது.

74-இலிருந்து 63-க்கு வேகம் குறைந்தது என்பதை இதே கணக்கில் இட்டுப் பார்த்தால், மோதலுக்கு முன் பிரேக் வேலை செய்தது ஏறத்தாழ முக்கால் விநாடி மட்டுமே என்று வருகிறது. ஓட்டுநர் கண்டதும் பிரேக் பிடித்ததும் உண்மை. அந்த வேகத்தில் அதற்குப் பயன் எதுவும் இல்லை என்பதும் உண்மை. காவல்துறையின் விபத்து ஆய்வாளரே தம் அறிக்கையில், வாகனம் 50 மைலோ அதற்குக் குறைவாகவோ சந்திப்பை நெருங்கி, இருவரும் அதேபோல் நடந்துகொண்டிருந்தால் இந்த மோதல் நிகழ்ந்திருக்காது என்ற முடிவுக்கு வந்தார். கவனிக்க வேண்டும்: வேக வரம்பான 25-ஐ அவர் சொல்லவில்லை. வரம்பைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் வந்திருந்தாலும் அந்தப் பெண் உயிரோடு இருந்திருப்பார்.

அப்படியானால் 50-க்கும் 74-க்கும் இடைப்பட்ட அந்த 24 மைலால் கிடைத்த ஆதாயம் என்ன? தடையே இல்லாத இரண்டு கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்வோம். 25 மைல் வேகத்தில் அதைக் கடக்க மூன்று நிமிடம் ஆகும். 50 மைலில் ஒன்றரை நிமிடம். 74 மைலில் ஒரு நிமிடம். வரம்பை இரட்டிப்பாக்கியபோது ஒன்றரை நிமிடம் மிச்சமாகிறது, அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். அதற்கு மேல் போகப்போக, மிச்சமாகும் விநாடிகள் சுருங்கிக்கொண்டே வர, ஆபத்து மட்டும் வேகத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. அரை நிமிடத்துக்காக நிற்கும் தூரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்வது எந்தத் தராசிலும் தேறாது. நெரிசலும் சமிக்ஞைகளும் உள்ள உண்மையான நகரச் சாலையில் அந்த அரை நிமிடமும் முழுதாகக் கிடைப்பதில்லை.

கடக்கிறவரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். நான்கு தடங்கள் கொண்ட ஒரு சாலையின் அகலம் 14 மீட்டர் என்று கொள்வோம். சாதாரணமாக நடப்பவர் அதன் நடுப்பகுதியை எட்ட ஆறு விநாடி ஆகும். அவர் நடைபாதையிலிருந்து இறங்கும்போது, ஆறு விநாடியில் தன்னை வந்தடையப்போகும் 119 கிலோமீட்டர் வேக வாகனம் 200 மீட்டர் தொலைவில் இருக்கும். 40 கிலோமீட்டர் வேகச் சாலையில் நடந்து பழகிய கண்ணுக்கு 200 மீட்டர் தொலைவில் உள்ள வாகனம் வந்து சேரப் பதினெட்டு விநாடி ஆகும் என்பதே அனுபவம் கற்றுக்கொடுத்த கணக்கு. அவர் தாராளமாக நேரம் இருக்கிறது என்று எண்ணி இறங்குவார்; அந்த எண்ணத்தில் தவறேதும் இல்லை. இரவில், நேர் எதிரே வரும் இரு விளக்குகளின் வேகத்தை மனிதக் கண் அளப்பது இன்னும் கடினம். பொலிவான அவசர விளக்குகள் ‘ஏதோ வருகிறது’ என்று சொல்லுமே தவிர, ‘இவ்வளவு வேகமாக வருகிறது’ என்று சொல்வதில்லை. வாகனத்தைக் கண்ட மாணவி ஓடிக் கடந்துவிட முயன்றதாக அதிகாரி தரப்பில் கூறப்பட்டது. அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சாலை நடுவில் நிற்பவருக்குப் பின்வாங்குவதா முன்னே ஓடுவதா என்று தெரிந்துகொள்ள இரண்டு விநாடிகூட இருந்திருக்காது.

சைரன் என்ற நம்பிக்கை

மாணவி காதில் ஒலிக்கருவி அணிந்திருக்கக்கூடும் என்பதும் விசாரணை ஆவணங்களில் இடம்பெற்றது. அது உண்மையாகவே இருக்கட்டும். நகரத்தில் நடப்பவர்களில் பலர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள். காது கேளாதவர்களும் சாலையைக் கடக்கிறார்கள். வேறு சிலர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வானொலி கேட்டபடி கார் ஓட்டுகிறார்கள். அவசர ஓட்டத்துக்கான விதி இந்த மனிதர்களை வைத்துத்தான் எழுதப்பட வேண்டும், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் கற்பனை மனிதர்களை வைத்து அல்ல.

சைரனுக்கே ஓர் எல்லை உண்டு என்பதைப் பயிற்சிப் பள்ளிகள் சொல்லித்தருகின்றன. கட்டடங்கள் நெருக்கமாக உள்ள பகுதியில் குறுக்குத் தெருவிலிருந்து வரும் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்புவதால் எத்திசையிலிருந்து வருகிறது என்பது குழம்பிவிடும். இன்னும் முக்கியமானது, வாகனம் வேகமாகப் போகப்போகச் சைரனின் பயன் குறைகிறது. நூறு மீட்டர் தொலைவில்தான் ஒலி தெளிவாகக் கேட்கிறது என்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனத்துக்கு வழிவிட ஒன்பது விநாடி கிடைக்கிறது, 119 கிலோமீட்டரில் மூன்றே விநாடி. ஒலி முழுமையாக ஒலித்தாலே இந்த நிலை. விட்டுவிட்டு ஒலித்தால், இரண்டு ஒலிகளுக்கு இடைப்பட்ட அமைதியில் வாகனம் ஒரு தெருவையே கடந்துவிடும். இரவு நேரத்தில் குடியிருப்போருக்குத் தொந்தரவாக இருக்கும் என்பதற்காகவும், சில வேளைகளில் குற்றம் நடக்கும் இடத்தை ஓசையின்றி நெருங்குவதற்காகவும் சைரனைச் சுருக்கிக்கொள்ளும் வழக்கம் காவல்துறைகளில் உண்டு, அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் ஓசையின்றிப் போக வேண்டுமானால் மெதுவாகப் போக வேண்டும். சைரனைக் குறைக்கிறவர் வேகத்தையும் குறைத்தாக வேண்டும் என்ற ஒற்றை வரி விதியில் இருந்திருந்தால் அன்றைய ஓட்டம் வேறு விதமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

புறப்படுவதற்கு முன்பே தொடங்கிய விபத்து

அதிகாரி விரைந்தது துப்பாக்கிச் சூட்டுக்கோ கொள்ளைக்கோ அல்ல. ஒருவர் போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டார் என்ற அழைப்புக்கு. அத்தகைய அழைப்புகளில் சிகிச்சை அளிப்பது தீயணைப்புத் துறையின் மருத்துவக் குழு. நோயாளி முரண்டு பிடித்தால் அக்குழுவுக்குப் பாதுகாப்பாக இருக்கக் காவலர்களும் அனுப்பப்படுகிறார்கள். அன்று அழைத்தவர் வேறு யாருமல்லர், கொக்கைன் எடுத்துக்கொண்டு பயந்துபோயிருந்த அந்த நபரேதான். தாமே தொலைபேசியில் பேசும் நிலையில் இருந்தார். அழைப்பு முதல் நிலை முன்னுரிமை என்று வகைப்படுத்தப்பட்டது. அந்தச் சொல் ஓட்டுநரின் காதில் விழும்போது என்ன நேர்கிறது என்பதை இத்துறையில் உள்ள எவரும் அறிவர்: இதயம் படபடக்கிறது, பார்வை குறுகுகிறது, முடுக்கியின்மீது கால் தானாகவே அழுந்துகிறது. எந்த நேரத்தில் நிதானமான தீர்ப்பு வேண்டும் என்று விதி எதிர்பார்க்கிறதோ, அந்த நேரத்தில்தான் மனித மனம் தீர்ப்புக்கு மிகவும் தகுதியற்றதாக இருக்கிறது.

ஆகவே இவ்வழக்கில் முதல் தவறு டெக்ஸ்டர் அவென்யூவில் நிகழவில்லை என்றே சொல்வேன். ‘முதல் நிலை’ என்ற ஒரே பெட்டிக்குள், மூச்சு நின்றுபோனவரும் பயத்தில் அழைத்தவரும் ஒன்றாகப் போடப்பட்ட இடத்தில் அது நிகழ்ந்தது. அழைப்பை எடுத்தவர் நோயாளி பேசுகிறார் என்பதைக் கேட்டிருக்கிறார். மருத்துவக் குழுவும் வந்துகொண்டிருந்தது. இவ்விரு செய்திகளும், எந்த வேகத்தில் செல்வது என்பதாக மாறி ஓட்டுநரைச் சென்றடைந்திருக்க வேண்டும். அதாவது இந்த அழைப்புக்கு விளக்கும் சைரனும் தேவையா, தேவையென்றால் வரம்புக்கு மேல் எத்தனை மைல் வரை போகலாம் என்ற அறிவுறுத்தலாக. மருத்துவ அவசர வாகனங்களின் உலகில், சைரனுடன் செல்லும் அழைப்புகளின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டும் என்ற கருத்து பல ஆண்டுகளாக வலுப்பெற்றுவருகிறது. சைரனால் மிச்சமாகும் சில நிமிடங்கள் பெரும்பாலான நோயாளிகளின் நிலையை மாற்றுவதில்லை என்பதே அதற்குக் காரணம். காவல் வாகனங்கள் அந்தப் பாடத்தைத் தாமதமாகவே கற்கின்றன.

வழக்கமான ரோந்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அவசரமில்லாத நேரத்தில் காவல் வாகனம் மற்றெல்லா வாகனங்களையும் போன்றதே. எந்தச் சலுகையும் கிடையாது. இருக்கைப்பட்டி அணிவது, ஓடும் வாகனத்தில் கணினித் திரையைத் தட்டாமல் இருப்பது, நெடுஞ்சாலையில் நிறுத்தும்போது விளக்குகளை எரியவிட்டுப் பாதுகாப்பான கோணத்தில் நிறுத்துவது போன்ற பழக்கங்களே பல இழப்புகளைத் தவிர்க்கின்றன. அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் காவலர்களின் பட்டியலில் பல ஆண்டுகள் துப்பாக்கிச் சூட்டைவிடச் சாலை விபத்துகளே முன்னணியில் இருந்திருக்கின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதியை ஓட்டுநருக்கு எதிரானதாகப் பார்க்கும் காவலர் சங்கங்கள் இந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

யார் பொறுப்பு என்ற கேள்வி

சியாட்டில் அடங்கிய கிங் மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் லீசா மேனியன் 2024 பிப்ரவரியில், ஓட்டுநர்மீது குற்ற வழக்குத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தார். வாகனத்தால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்தை மெய்ப்பிக்க, பிறர் பாதுகாப்பை அவர் அறிந்தே புறக்கணித்தார் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும். அவர் முன்னுரிமை அழைப்புக்குச் சென்றுகொண்டிருந்தார், விளக்குகள் எரிந்தன, சந்திப்புகளில் சைரன் ஒலித்தது, எனவே அது இயலாது என்பது அம்முடிவின் சாரம். இதை நோகிறவர்கள் உண்டு. சட்டத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது வியப்பான முடிவல்ல. ஆனால் அதன் உள்ளே ஒரு விபரீதம் இருக்கிறது: விளக்கை எரியவிட்டதும் சைரனைத் தொட்டதும், எச்சரிக்கை போதாமல் போனதற்கான சான்றாக அல்லாமல், அக்கறை இருந்ததற்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. பின்னர் நகர வழக்கறிஞர் அலுவலகம் கவனக்குறைவாக ஓட்டியதற்காக 5,000 டாலர் அபராதச் சீட்டு அளித்தது. அது குற்றமாகாது, போக்குவரத்து மீறல் மட்டுமே.

கூட்டாட்சி நீதிமன்றங்களின் பாதையும் எளிதல்ல. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகருக்கு அருகே காவல் வாகனத் துரத்தலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் இறந்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998-இல் அளித்த தீர்ப்பு, தீங்கு செய்யும் நோக்கம் இல்லாத வரை அத்தகைய ஓட்டம் அரசியலமைப்பு உரிமை மீறலாகாது என்ற அளவுக்குத் தடையை உயர்த்திவிட்டது. ஒப்பீட்டுக்கு, பிரிட்டனில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னொரு வழியை எடுத்தது. காவல் ஓட்டுநரின் செயலைச் சாதாரண ஓட்டுநரோடு அல்ல, அதே பயிற்சி பெற்ற கவனமான, திறமையான காவலரோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும் என்றது அது. காவலருக்குச் சாதகமாகக் கொண்டுவரப்பட்ட மாற்றம்தான். இருந்தாலும் அளவுகோல் ஓட்டுநரின் மனத்துக்குள் இல்லாமல், பயிற்சியின் தரத்தில் வெளியே இருக்கிறது. 74 மைல் வேகத்தை அந்த அளவுகோலில் வைத்தால், ‘பயிற்சி பெற்ற எவரும் இப்படிச் செய்வாரா’ என்ற கேள்விக்கு விடை சொல்வது எளிது.

துறை ரீதியான நடவடிக்கை இதைவிட மெதுவாக, ஆனால் இதைவிடத் தெளிவாக முடிந்தது. சிரித்த அதிகாரி 2024 ஜூலையில் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஓட்டிய அதிகாரி நான்கு துறை விதிகளை மீறியதாகக் காவல் பொறுப்புடைமை அலுவலகம் கண்டறிந்தது. அவர் 2025 ஜனவரியில், சம்பவத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து நீக்கப்பட்டார். இந்த வரிசையைக் கவனிக்கத் தவறக்கூடாது. சொன்ன சொல்லுக்கான தண்டனை, ஓட்டிய வேகத்துக்கான தண்டனைக்கு அரை ஆண்டு முன்னதாக வந்தது. இடைக்காலக் காவல்துறைத் தலைவராக இருந்த சூ ரார், பணிநீக்கத்தை அறிவித்தபோது, அந்த அதிகாரிக்கு யாரையும் துன்புறுத்தும் நோக்கம் இருக்கவில்லை என்பதையும், போதையால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவரை விரைவில் சென்றடையவே முயன்றார் என்பதையும் ஒப்புக்கொண்டார். நல்ல நோக்கம், உயிரைப் பறித்த தவறான முடிவின் கனத்தைக் குறைத்துவிடாது என்றும் சொன்னார். குற்றவியல் நீதிமன்றத்தை எட்டாத ‘உரிய கவனம்’ என்ற சொல்லுக்கு இந்த விவகாரத்தில் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம் அதுவே.

நான் இந்தக் கோப்பை ஒரு பயிற்சி வகுப்பில் வைப்பதானால், ஓட்டுநர் எங்கே தவறினார் என்று தொடங்க மாட்டேன். கட்டுப்பாட்டு அறையின் பதிவிலிருந்து தொடங்குவேன்: அழைப்பு வந்த விநாடியில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, அதில் எவ்வளவு ஓட்டுநருக்குச் சொல்லப்பட்டது என்று. அடுத்து, வரம்புக்கு மேல் இத்தனை மைல் தாண்டினால் மேற்பார்வையாளருக்கு வானொலியில் அறிவிக்க வேண்டும் என்ற ஓர் எண் துறையின் விதியில் உண்டா என்று கேட்பேன். வாகனத்தின் இருப்பிடத்தையும் வேகத்தையும் பதியும் கருவிகள் இன்று எல்லா ரோந்து வாகனங்களிலும் பொருத்தக்கூடியவையே. அந்தப் பதிவுகளை விபத்து நடந்த பிறகு மட்டும் திறந்து பார்க்கிறார்களா, மாதந்தோறும் பார்க்கிறார்களா என்று கேட்பேன். 25 மைல் சாலையில் ஒருவர் 74-ஐ எட்டியது அன்று இரவுதான் முதல்முறை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்தைய இரவுகளில் கோடுகளைக் கடக்க யாரும் அந்த விநாடியில் இறங்காமல் இருந்திருக்கலாம்.